விழா மேடையும் வாயிற்படியும்

களமசேரியிலுள்ள கொச்சி சர்வகலாசாலையில் 2023-ம் வருஷம் நவம்பர் மாதம் 25-ந் தேதி நேர்ந்த துயரத்தை, விழா நடத்த முன்வரும் மாணவ காரியதரிசிகள் மறத்தலாகாது. திறந்தவெளி அரங்கில் கச்சேரி துவங்குந் தறுவாயில் மழை தூறவே, வெளியே நின்ற ஜனங்கள் வாயிலை நோக்கி நெருக்கினர். வாயிலைக் கடந்ததும் கீழிறங்கும் படிகள். முன்னே சென்றவர் விழ, பின்னே வந்தவர் அவர்மேல் விழ, நான்கு இளம் உயிர்கள் மாண்டன.

கூட்டத்தின் நிதானமின்மையே காரணம் என்று சொல்லிவிடுவது எளிது. நாம் அதை ஒப்போம். நிதானமென்பது அன்று மாலை முகத்தில் வரவழைத்துக்கொள்ளும் பாவனையன்று. எத்தனை பேர் வருவர், எவ்வழியே புகுவர், மழை வந்தால் எங்கே ஒதுங்குவர் என்று முன்னரே கணக்கிட்டவனுக்குத்தான் அது கிட்டும். மேடைக்கும் விளக்குக்கும் (தோரணத்தைச் சொல்லவே வேண்டாம்) பணமும் ஆளும் தாராளமாகக் கிடைக்கின்றன. வாயிலில் நிற்கத்தான் ஆளில்லை!

கதவை நேரத்தோடு திறந்து ஜனங்களைச் சிறுகச் சிறுக உள்ளே விடுதல், வெளியேற வேறு வழி வைத்தல், ஒலிபெருக்கியருகே தெளிந்த குரலுடைய ஒருவரை நிறுத்துதல் ஆகியவை பெருஞ்செலவு வேண்டாத காரியங்கள். ஆனால் இவையனைத்தையும் இருபது வயதுப் பிள்ளைகளின் தலையில் சுமத்திவிட்டு, பெரியோர் முன்வரிசை நாற்காலிகளில் அமர்ந்திருப்பது என்ன நியாயம்? போலீஸாருக்கு முன்னறிவிப்பு அனுப்ப வேண்டியவர் கலாசாலைத் தலைவரே; அன்று மாலை அந்தப் படியருகே நிற்க வேண்டியவரும் அவரே.