ரெண்டரை லட்சம் கடன்



நேற்று எட்டாம் வகுப்புப் படிக்கும் பேத்தி, விகிதமுறு எண்கள் பாடத்தில் ஒரு கணக்கைக் கொண்டுவந்தாள். −2½ + ¾. விடை −¾ என்று எழுதியிருந்தாள். எப்படி வந்தது என்று கேட்டேன்.

"கலப்பு பின்னத்தைத் தகா பின்னமா மாத்தணும்ல தாத்தா? பகுதியால பெருக்கி, தொகுதியைக் கூட்டினேன். −2ஐ 2ஆல பெருக்கினா −4. ஒண்ணு கூட்டினா −3. அதனால −3/2. அதோட ¾ கூட்டினா −¾."

எனக்குச் சுருக்கென்றது. "பெருக்கு, கூட்டு" என்று வாழப்பாடிப் பிள்ளைகளைப் பல வருடம் ஒப்பிக்க வைத்தவன் நான். குழந்தை விதியை மீறவில்லை, அப்படியே பின்பற்றியிருக்கிறாள். கழித்தல் குறி இரண்டுக்கு மட்டுமல்ல, அரைக்கும் சேர்த்துத்தான் என்பதை அந்த விதி சொல்வதில்லை. −2½ என்றால் −5/2.

பேனாவைக் கீழே வைக்கச் சொன்னேன். "பாக்குத் தோப்புக்கு ரெண்டரை லட்சம் கடன் வாங்கினோம். முக்கால் லட்சம் கட்டியாச்சு. மீதி என்ன கண்ணு?"

"ஒண்ணேமுக்கால் லட்சம் கடன்" என்றாள் உடனே. விடை −1¾. அவ்வளவுதான்!

தமிழில் இரண்டரை என்பது ஒரே சொல். எட்டில் ஒன்றுக்கு அரைக்கால், பதினாறில் ஒன்றுக்கு மாகாணி என்று பெயர் வைத்தவர்கள் நாம். கி.பி. 628இல் பிரம்மகுப்தர் குறை எண்களைக் கடன் என்றே குறிப்பிட்டு, அவற்றுக்கு விதிகள் எழுதினார். வீட்டில் கடன் என்றால் என்னவென்று தெரிந்த குழந்தைக்குக் குறை எண் புதிதல்ல.

அதனால் இன்று ஆசிரியராகவும் பெற்றோராகவும் இருக்கும் என் மாணவர்களுக்குச் சொல்கிறேன். விதி வேண்டும், வழிமுறையும் வேண்டும். ஆனால் முதலில் கணக்கை வாயால் சொல்ல வையுங்கள். விடை ஏறத்தாழ எவ்வளவு வரும் என்று கேளுங்கள். பிறகு பேனாவைக் கொடுங்கள்.

கடைசியாக ஒன்று. அப்பாவோடு சந்தையில் காய் விற்ற ஒரு மாணவன், இப்படித்தான் மனதிலேயே போட்டு விடையை மட்டும் சரியாக எழுதுவான். "வழிமுறை எங்கேடா?" என்று பூஜ்யம் போட்டேன். எப்படிப் போட்டாய் என்று ஒருநாளும் கேட்கவில்லை. தம்பி, இதைப் படித்தால் வீட்டுக்கு வா. தப்பு என்னுடையது.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்