பொதிகை மலரைக் களவாடியவர் யார்?

நாட்டிலே களவு போன பொருள்களுக்குப் பட்டியல் எழுதுகின்றனர். கோயிற் சிலை காணாமற் போயிற்று. கண்டனக் குரல் எழுந்தது. கடல் கடந்த சிலைகளுள் சில திரும்பி வந்தன, வரவேற்பும் நடந்தது. வேண்டியதுதான், மறுப்பாரில்லை. ஆனால், வாசகத் தோழரே, பொதிகை மலைச் சரிவிலிருந்து வேரோடு பெயர்த்து, மூட்டை கட்டி, விலை பேசி விற்கப்பட்ட ஒரு மலரைப்பற்றி எந்த மேடையிலேனும் ஒரு சொல் கேட்டதுண்டா?

பாபியோபெடிலம் ட்ரூரி என்பது ஏட்டிலே அதற்கு இட்ட பெயர். ஆர்க்கிட் இனம், மரத்திலே தொற்றாமல் தரையிலே வேரூன்றி வாழ்வது. மஞ்சள் மலர், இதழின் நடுவே கருஞ்சிவப்புக் கோடு, கீழே செருப்பின் முனைபோல ஒரு பை. இந்தச் செருப்பு மலர்க் குடும்பத்திலே தென்னாட்டில் இயற்கையாக வாழும் இனம் இஃதொன்றே. அகத்தியர் மலைத் தொடரிலே, ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்திலே, பாறை இடுக்கும் புல்லும் கலந்த வெயிற் சரிவுகளே அதன் வீடு. உலகில் வேறெங்கும் அதற்கு இயற்கையான இடமில்லை.

அதன் பெயரிலேயே ஒரு வரலாறு புதைந்து கிடக்கிறது. 1865இல் அம்மலரைக் கண்டவர் ஹீபர் ட்ரூரி என்னும் வெள்ளைப் படை அதிகாரி. சென்னை மாகாணக் காட்டிலாகாவின் தலைமையில் இருந்த பெட்டோம் அதனை ஏட்டிலேற்றி, நண்பரின் பெயரைச் சூட்டினார். மலை நம்முடையது, மலர் நம்முடையது, பெயர் மட்டும் கர்னலுடையது! பெயரோடு நின்றதா? அந்நாளிலே இலண்டன் சீமான்களுக்கு ஆர்க்கிட் பித்துத் தலைக்கேறியிருந்தது. அதற்கென்றே ஏலம் நடந்தது. அரிய செடிக்குப் பெரும்பொருள் கொட்டினர். விளைவு? சரிவுகள் மொட்டையாயின. காட்டிலே அச்செடி அற்றுப்போயிற்றென்றே நெடுங்காலம் எண்ணியிருந்தனர்.

வெள்ளையன் போனான், கொள்ளை போயிற்றா? 1970களிலே அம்மலரை மீண்டும் கண்டனர். கண்டறிந்த செய்தி பரவியதும் செடி வணிகரின் கண்ணும் அங்கே திரும்பியது. மறுபடியும் பெயர்த்தனர். ஆண்டவன் மாறினான், அடிக்கும் கை மட்டும் மாறவில்லை! இன்று மிகக் கடுமையான அழிவாபத்தில் உள்ள இனங்களின் உலகப் பட்டியலிலே அது நிற்கிறது.

சட்டம் இல்லையா என்பீர். உண்டு, நிறைய உண்டு. 1990 முதல் இக்குடும்பத்துக் காட்டுச் செடிகளை நாடு விட்டு நாடு விற்பது உலக ஒப்பந்தப்படி தடை. 1991இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தி, பிடுங்கலாகாத செடிகளின் வரிசையிலே செருப்பு மலரையும் சேர்த்தனர். களக்காடு முண்டந்துறை 1988 முதல் புலிகள் காப்பகம். அகத்தியர் மலை 2001 முதல் உயிர்க்கோளக் காப்பகம். 2016இல் யுனெஸ்கோவின் ஏற்பும் கிடைத்தது. பெயர்ப் பலகைகளுக்குப் பஞ்சமில்லை. பலகை நட்டால் செடி முளைக்குமா?

முளைப்பது எப்படி என்பதைச் சற்றே கேளுங்கள். ஆர்க்கிட் விதை தூசியினும் நுண்ணியது. முளைக்கத் தேவையான உணவு அதனுள்ளே இல்லை. மண்ணில் வாழும் ஒருவகைப் பூஞ்சை ஊட்டினாலன்றி அது முளைக்காது. மலர்ந்தாலும் தேனில்லை, சிறு பூச்சியை ஏமாற்றிப் பைக்குள் விழச் செய்து, வெளியேறும் வழியிலே மகரந்தத்தை அதன் முதுகில் ஏற்றி அனுப்புகிறது. ஆக, செடியொன்று வாழ மண் வேண்டும், பூஞ்சை வேண்டும், பூச்சி வேண்டும், புற்சரிவு வேண்டும். காட்டுத்தீ ஓடிய சரிவிலே இவற்றுள் எது எஞ்சும்?

"வெளிநாட்டுத் தோட்டங்களிலே அது வளர்கிறதே, அழிந்ததென்று ஏன் அலறுகிறீர்?" என்று சிலர் கேட்கின்றனர். கூண்டுக் கிளியைக் காட்டிக் காடு வாழ்கிறது என்பது போன்ற வாதம் இது. பூந்தொட்டி ஆற்றைப் பிறப்பிக்காது!

"சோற்றுக்கு வழி தேடும் நாட்டிலே பூவுக்கு அழுகையா?" என்பது மற்றொரு கேள்வி. அந்தச் சோறு எங்கிருந்து வருகிறது என்று திருப்பிக் கேட்கிறோம். மழையை வாங்கி, மெல்ல மெல்லக் கசியவிட்டுத் தாமிரபரணியை வளர்ப்பது அதே மலை. நெல்லை வயலுக்கும் தூத்துக்குடிக் குழாய்க்கும் அதுவே தாய். மலரைக் காக்கும் சரிவும் மடையைக் காக்கும் சரிவும் வேறு வேறல்ல. பூவைப் பறிகொடுத்தவன் நாளை ஆற்றையும் பறிகொடுப்பான்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. காட்டைக் காக்கிறோமென்று கூறிக் காணி மக்களை விரட்டும் கூட்டத்தோடு நமக்கு உறவில்லை. இலண்டனுக்குக் கப்பலேற்றியவர் காணியா? ஆரோக்கியப்பச்சையின் அருமையை உலகுக்குச் சொன்னவர்கள் அம்மக்கள். அதிலிருந்து செய்த மருந்தின் வருவாயிலே அவர்களுக்கும் பங்களிக்க, 1990களில் பாலோட்டுத் தாவரவியல் ஆராய்ச்சி நிலையம் முன்வந்தது. செடிச் சட்டமுங்கூடப் பழங்குடியினர் தம் மாவட்டத்திலே சொந்தத் தேவைக்கு எடுப்பதைக் குற்றமாக்கவில்லை. சட்டத்துக்கு இருக்கும் அறிவு அதிகாரிகளுக்கும் வேண்டாமா?

ஆகவே கேட்கிறோம்: சரிவுகளின் காவலராகக் காணி இளைஞரை, கூலிக்கல்ல, நிலையான ஊதியத்திற்கு அமர்த்துக. தமிழகமும் கேரளமும் எல்லைக்கோட்டை மறந்து ஒரே திட்டமாகத் தீத்தடுப்பு நடத்துக. ஆய்வுக்கூடக் குடுவையிலே நாற்று வளர்த்து, ஆசைப்படுவோர்க்கு அரசே மலிவாய் விற்று, கள்ளச் சந்தையின் இடுப்பை ஒடிக்குக. மீதி நாற்றுகளைப் பிறந்த சரிவிலேயே நடுக. செடி நிற்கும் இடத்தை ஊரறியப் பறைசாற்றாதிருக்க!

இவை பெருஞ்செலவுத் திட்டங்களல்ல. மனம் வேண்டும், அவ்வளவே. வாக்குச் சீட்டில்லாத மலருக்காக யார் பேசுவது என்று ஆள்வோர் எண்ணக்கூடும். தாமிரபரணித் தண்ணீரைக் குடிக்கும் ஒவ்வொருவரிடமும் வாக்குச் சீட்டு இருக்கிறது என்பதை, வாசகத் தோழரே, நீங்கள்தாம் அவர்களுக்கு நினைவூட்ட வேண்டும்!