தவளை தப்பித்தது... பாடம் தப்பலாமா?

குட்டீஸ்... உங்கள் வீட்டில் பிளஸ் டூவில் விலங்கியல் படித்த தாத்தாவோ, பாட்டியோ இருந்தால், 'நீங்க தவளையை அறுத்திருக்கீங்களா?' என்று கேட்டுப் பாருங்கள். ஆளுக்கொரு கதை சொல்வர்.

நானும் அறுத்தவன்தான். மயக்க மருந்து கொடுத்த தவளையை, மெழுகுத் தட்டில் மல்லாத்தி, கால்களில் குண்டூசி குத்தி, வயிற்றைத் திறந்தேன். உள்ளே அதன் இதயம் துடித்துக் கொண்டிருந்தது. பாடம் மறக்கவில்லை, அந்தத் தவளையும் மறக்கவில்லை.

இப்போது அந்த வேலை இல்லை. கல்லூரி விலங்கியல் வகுப்புகளில் விலங்குகளை அறுப்பதற்கு, 2014ல் பல்கலைக்கழக மானியக் குழு தடை விதித்தது. பள்ளிகளிலும் படமும், மாதிரியும்தான். சென்னையில் உள்ள புளூ கிராஸ் அமைப்பு, தவளையைக் கணினியிலேயே 'அறுத்து'ப் பார்க்க, 'கம்ப்யூஃப்ராக்' என்ற மென்பொருளை உருவாக்கியது.

இந்தத் தடை ஏன்? முதல் காரணம், இரக்கம். இரண்டாவது, வயல். பயிரைத் தின்னும் பூச்சிகளைத் தவளை தின்கிறது. வெளிநாட்டினர் சாப்பிடுவதற்காக, ஒரு காலத்தில் இங்கிருந்து தவளைக்கால்கள் ஏராளமாக ஏற்றுமதியாகின. 1987ல் அதற்கும் தடை வந்தது.

அமெரிக்காவில் இன்றும் பல பள்ளிகளில் தவளையை அறுக்கின்றனர். 1987ல் கலிபோர்னியாவில் ஒரு மாணவி, 'மாட்டேன்' என்று மறுத்து, நீதிமன்றம் வரை போனாள். விருப்பமில்லாத மாணவருக்கு மாற்றுவழி தரலாம் என்று, அடுத்த ஆண்டே அங்கு சட்டம் வந்தது. 2019ல் புளோரிடாவில் ஒரு பள்ளி, நிஜத் தவளை போலவே செய்த செயற்கைத் தவளைகளை மாணவர்களுக்குக் கொடுத்தது.

சரி, இனி படம் மட்டும் போதுமா? போதாது என்பேன்.

ஒருமுறை எட்டாம் வகுப்புக்கு, கறிக்கடையில் ஆட்டு இதயம் ஒன்று வாங்கிப் போனேன். நான் அறுத்துக் காட்ட, பிள்ளைகள் தொட்டுப் பார்த்தனர். ''சார், ஒரு பக்கச் சுவர் மட்டும் ஏன் இவ்வளவு தடிமனா இருக்கு?'' என்றான் ஒருவன். புத்தகத்தில் அதே படம் பல நாள் இருந்தும், யாரும் கேட்காத கேள்வி!

வலது பக்கம், அருகிலுள்ள நுரையீரலுக்குத்தான் ரத்தத்தை அனுப்புகிறது. இடது பக்கமோ, உச்சி முதல் உள்ளங்கால் வரை அனுப்ப வேண்டும். அதனால்தான் அந்தச் சுவருக்கு அவ்வளவு பலம்.

அன்று ஒரு மாணவி மட்டும் அருகில் வரவில்லை. ''அந்த ஆடும் செத்ததுதானே சார்?'' என்றாள். ''சாப்பாட்டுக்காக அறுத்த ஆடும்மா, நமக்காகத் தனியாக ஓர் உயிர் போகவில்லை,'' என்றேன். அவள் சமாதானமாகவில்லை. அவள் கேட்டதிலும் நியாயம் உண்டு. ஒரு செம்பருத்திப் பூவைக் கொடுத்தேன்.

நீங்களும் அதைச் செய்யலாம், குட்டீஸ். ஐந்து இதழ்களையும் மெல்லப் பிரியுங்கள். நடுவில் நீண்ட குழாய். அதன்மேல் மகரந்தத் தூள். நுனியில் ஐந்து சூல்முடிகள். அடியில் உள்ள சூல்பையைப் பெரியவர் துணையோடு குறுக்கே வெட்டிப் பாருங்கள். எத்தனை அறைகள் என்று நான் சொல்ல மாட்டேன், நீங்களே எண்ணுங்கள்!

கண் பார்ப்பதைக் கையும் தொட்டுப் பார்த்தால்தான் கேள்வி பிறக்கும். அதற்கு ஓர் உயிரைக் கொல்ல வேண்டியதில்லையே!