டப்பாவில் நாகம் எதுக்கு?

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் மழை பெய்தால் வீட்டுக்குள் பாம்பு வருவது புதுசல்ல. பிடித்த நாகத்தை வனத்துறையிடம் கொடுக்காமல், பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்து செல்போனில் படம் காட்டும் 'வீரர்கள்'தான் தலைவலி! 1972 வனவிலங்குச் சட்டப்படி இது குற்றம்.

விஷப்பாம்பை எப்படி வைக்கணும்னு மாமல்லபுரம் சாலையில் வடநெம்மேலிக்குப் போய்ப் பாருங்கள். 1978-ல் தொடங்கிய இருளர் கூட்டுறவுச் சங்கம். எத்தனை பாம்பு பிடிக்கலாம் என்பதற்கே அரசு அனுமதி வேண்டும். மண்பானை, வாயில் துணிக்கட்டு, ஒவ்வொன்றுக்கும் கணக்கு. சில முறை விஷம் எடுத்ததும் காட்டில் விட்டுவிடுகிறார்கள். பரம்பரையாகப் பாம்பு பிடிப்பவர்களுக்கே இத்தனை கட்டுப்பாடு!

நம்ம ஊர் விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நாலுக்குத்தான். ஆசைக்கு வளர்க்கும் வெளிநாட்டு விஷப்பாம்பு கடித்தால் அது கேட்காது. டப்பா மூடி கழன்றால் கடிபடுவது பக்கத்துப் போர்ஷன் குழந்தையாகவும் இருக்கலாம். படம் காட்டுகிற ஆளை அந்தப் படத்தை வைத்தே வனத்துறை பிடிக்கலாமே?