பெட்டி பழையது, முதுகு புதிது

1969-ஆம் வருஷம் ஜூலை மாதம் சந்திரனில் இறங்கி நடமாடிய அமெரிக்கர் இருவர், திரும்புகையில் தாங்கள் படம் பிடித்த ஹாஸல்பிளாட் காமிராவை அங்கேயே போட்டுவிட்டு வந்தார்கள் என்பது நேயர்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். பொறுக்கிய கற்களைக் கொண்டுவருவதற்காகப் பாரத்தைக் குறைக்க வேண்டியிருந்தது. ஆனால் காமிராவின் முதுகில் மாட்டியிருந்த பிலிம் பெட்டியை மட்டும் பத்திரமாகக் கழற்றிக்கொண்டு வந்தார்கள். உடம்பு போனாலும் போகட்டும், முதுகு பிழைக்க வேண்டும் என்பது அவர்கள் தீர்மானம்!

அந்த முதுகைக் குறித்தே அன்பர் ஒருவர் நமக்கு நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவரிடம் ஸ்வீடன் தேசத்து ஹாஸல்பிளாட் 500 ஸி/எம் காமிரா ஒன்றும், 50, 80, 150 மில்லிமீட்டர் லென்ஸுகள் மூன்றும் இருக்கின்றன. உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றபின் விடியற்காலை மலைகளைப் படம் பிடிப்பது என்று சங்கற்பம் செய்துகொண்டிருக்கிறார். பிலிம் பெட்டி இருந்த இடத்தில் ‘டிஜிட்டல் பேக்’ என்னும் மின்சார முதுகை மாட்ட வேண்டும். கையிலுள்ள சேமிப்பு ஒரு முறை வாங்கத்தான் காணும். எத்தனை மெகாபிக்ஸல் உள்ளதாகப் பார்த்து வாங்குவது என்று கேட்கிறார்.

மெகாபிக்ஸலை விசாரிக்குமுன் அவர் ஓர் அளவுகோலை எடுத்துக்கொள்வது நலம். அவருடைய காமிராவில் பிலிமில் விழும் படம் 56 மில்லிமீட்டர் சதுரம். 2024-ஆம் வருஷம் ஜனவரியில் ஹாஸல்பிளாட் கம்பெனியார் வெளியிட்ட ஸி.எப்.வி. 100 ஸி என்னும் பேக்கில், ஒளியை வாங்கிக்கொள்ளும் சென்ஸார் ஏறக்குறைய 44-க்கு 33 மில்லிமீட்டர்தான். லென்ஸ் பரப்பும் காட்சியின் நடுப்பாகம் மட்டுமே படத்தில் அகப்படும். ஓரங்கள் வெளியே சிந்திப்போகும். மூலைக்கு மூலை அளந்து கணக்கிட்டால் 80 மில்லிமீட்டர் லென்ஸ் 115 போலவும், 50 மில்லிமீட்டர் லென்ஸ் 72 போலவும் ஆகிவிடுகிறது. அதாவது, அகன்ற வெளியைப் பிடிப்பதற்கென்று அன்பர் வாங்கி வைத்திருக்கும் ஒரே லென்ஸ் சாதாரண லென்ஸாகிவிடும். நூறு மெகாபிக்ஸல் இருந்து என்ன, மலையின் பாதி வெளியே நின்றால்!

இதனால் எல்லோருக்கும் நஷ்டம் என்று சொல்ல வரவில்லை. 1960-இல் அன்ஸல் ஆடம்ஸ் என்னும் பிரசித்தி பெற்ற நிபுணர், யோஸெமிட்டியில் ‘ஹாப் டோம்’ என்ற பாறைக்கு மேலே சந்திரன் நிற்கும் காட்சியை ஹாஸல்பிளாட் காமிராவினால் எடுத்தார். தூரத்திலுள்ளதைக் கிட்டக் கொண்டுவரும் 250 மில்லிமீட்டர் லென்ஸ் அவர் உபயோகித்தது. அப்படித் தூரத்துச் சிகரங்களிலேயே கண்ணாயிருப்பவருக்குச் சிறிய சென்ஸார் அநுகூலமே.

பெரிய சென்ஸாரும் உண்டு. டென்மார்க்கைச் சேர்ந்த பேஸ் ஒன் கம்பெனியார் 2018-இல் அறிவித்த ஐ.க்யூ. 4 என்னும் பேக்கில் சென்ஸார் 53.4-க்கு 40 மில்லிமீட்டர், 150 மெகாபிக்ஸல். முன்பக்கத்தைச் சாய்த்தும் நகர்த்தியும் எடுக்கும் தொழில்முறைக் காமிரா வைத்திருப்போருக்கு அதற்கு நிகர் கிடையாது என்றே சொல்லலாம். ஆனால் காமிராவும் சேர்த்து அது வெளிவந்த காலத்து விலை ஐம்பதாயிரம் டாலர் அளவில் இருந்தது. ஓய்வூதியக்காரருக்கு இதற்குமேல் விவரம் வேண்டியதில்லை.

இனி, பழைய பேக்குகளைப் பற்றி. சந்தையில் மலிவாக அகப்படும் இவற்றின்மீதுதான் அன்பருக்கு ஆசை என்று கடிதத்தின் நடுவிலே தெரிகிறது. பேஸ் ஒன் கம்பெனியாரின் பி 45 பிளஸ் 2007-இல் வந்தது. 39 மெகாபிக்ஸல், 49-க்கு 37 மில்லிமீட்டர் சென்ஸார். சி.சி.டி. என்ற பழைய ஜாதியைச் சேர்ந்தது. நல்ல வெளிச்சத்தில் அதன் வர்ணம் கண்ணுக்கு மிகவும் ரம்மியமாயிருக்கும் என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. அதன் ஜாதியிலேயே அபூர்வமாக, ஒரு மணி நேரம் வரையில்கூடக் கதவைத் திறந்து வைத்து இரவுக் காட்சி எடுக்கலாம். ஆனால் எடுத்து முடித்த பிறகு, தன் சொந்தக் குறைகளைத் தெரிந்துகொள்ளக் கதவை மூடிக்கொண்டு இன்னொரு மணி நேரம் இருட்டையே படம் பிடிக்கும். அதுவரை அன்பர் குளிரில் கைகட்டி நிற்க வேண்டியதுதான், பாட்டரியும் கரைந்துகொண்டிருக்கும்.

அதைவிடப் பெரிய சங்கடம் குவியம் பார்ப்பது. பிலிம் காலத்தில் மன்னிக்கப்பட்ட மயிரிழைப் பிசகை இந்த நுட்பமான சென்ஸார்கள் மன்னிப்பதில்லை. 2014-இல் ஐ.க்யூ. 250 என்ற பேக்குடன் இவ்வகையில் முதன்முதல் வந்த ஸீமாஸ் சென்ஸாரில், காட்சியை முதுகுத் திரையில் நேராகவே பார்க்கலாம். ஒரு புல்லைப் பெரிதாக்கிக் கூர்மையைச் சரிசெய்துகொள்ளலாம். பி 45 பிளஸ்ஸில் அந்த வசதி கிடையாது. மங்கலான சிறு திரையில் எல்லாம் அழகாகவே தோன்றும். வீட்டுக்கு வந்து பெரிதாக்கிப் பார்க்கும்போதுதான் உண்மை தெரியும். மலைக்கு மறுபடி போகலாம்; அன்றைய மேகம் வருமா?

கம்ப்யூட்டருடன் இணைக்க அந்தப் பேக் கேட்கும் பயர்வயர் கம்பியும் இப்போதைய யந்திரங்களில் சேராது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: பழைய பேக்குகளில் பல ஏதாவது ஒரு காமிராவின் முதுகுக்கென்றே செய்யப்பட்டவை. காண்டாக்ஸ் காமிராத் தொழிலை அதன் சொந்தக்காரர் 2005-இல் விட்டுவிட்டார். அதற்கென்று செய்த பேக்கை மலிவு என்று வாங்கி ஹாஸல்பிளாட்டில் மாட்ட இயலாது.

ஆகவே நம் அபிப்பிராயம் இது. அன்பர் பழைய காமிராவையும் லென்ஸுகளையும் விட மனமில்லாதவராயின், ஸி.எப்.வி. 100 ஸி-யே அவருக்கு ஏற்றது. 500 வரிசைக் காமிராக்களில் தனிக் கம்பி இல்லாமலே வேலை செய்கிறது. ஒரு படம் சுமார் 200 மெகாபைட் இடம் பிடித்தாலும், உள்ளேயே ஒரு டெராபைட் கொள்ளளவு இருப்பதால் பிரயாணத்தில் கவலையில்லை. ஆனால் படம் குறுக்கு வாட்டத்தில்தான் விழும். நெடுக்காக வேண்டுமானால் காமிராவைப் படுக்கவைக்க வேண்டும். மேலிருந்து குனிந்து பார்க்கும் கண்ணாடியில் அப்போது பார்ப்பது கழுத்துக்குத் தண்டனை. பழைய லென்ஸுகளில் பற்றில்லாதவர் பேக்கே வாங்க வேண்டாம். இதே அளவு சென்ஸார் கொண்ட பூஜி ஜி.எப்.எக்ஸ். 100 எஸ் II காமிரா 2024-இல் ஐயாயிரம் டாலருக்குள் வந்தது; ஸி.எப்.வி. 100 ஸி-க்கு அதன் சிறு காமிராவுடன் எண்ணாயிரத்துக்கு மேல்.

பணத்தை எண்ணுமுன் அன்பர் ஒரு காரியம் செய்யலாம். கறுப்புக் காகிதம் ஒன்றில் 44-க்கு 33 மில்லிமீட்டர் ஜன்னல் கத்தரித்து, காமிராவின் பார்வைக் கண்ணாடியின் நடுவே பொருத்திக்கொண்டு ஒரு வாரம் தம் மலைகளைச் சுற்றி வரட்டும். 50 மில்லிமீட்டர் லென்ஸுடன் அந்த ஜன்னலுக்குள் மலை அடங்கவில்லையானால், 40 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்றின் விலையையும் சேர்த்துக் கணக்குப் போட்டுக்கொண்டு கடைக்குப் போகலாம்.