ஒரு சம்பளத்தில் நிற்கும் வீடு

புலம்பெயர்ந்து வந்த எம்மவர் குடும்பங்கள் பலவற்றில் ஓர் அண்ணன் இருப்பார். அல்லது ஓர் அக்கா இருப்பார். இந்நாட்டில் முதலில் வந்து இறங்கியவர் அவரே. முகவருக்குக் கொடுக்க வாங்கிய கடனை அடைத்தவரும், தங்கையின் சீதனத்துக்காக இரவு வேலை செய்தவரும், தம்பியை அழைப்பித்தவரும் அவரே. மற்றையோர் எல்லோரும் குடும்பமாகிவிட்ட பின்னர் தம்மைப் பற்றி அவர் எண்ணத் தொடங்கும்போது வயது நாற்பதை எட்டிவிடுகின்றது. போரிலே துணையை இழந்து தனித்து வந்தவர்களும், மணமுறிவின் பின் தனித்து நிற்பவர்களும் எம்மிடையே உள்ளனர். இவர்களுட் சிலர் ஸ்காபரோவிலோ, மார்க்கத்திலோ, பிரம்ரனிலோ தம் பெயரில் ஒரு வீட்டையும் வாங்கிவிட்டனர்.

"அவருக்கென்ன குறை, தனி ஆள், வீடும் இருக்கிறது" என்று மற்றவர்கள் சொல்வதை நாம் அடிக்கடி கேட்கின்றோம். இவ்வாரம் அந்தச் சொல்லின் கணக்கைச் சற்றுப் பார்ப்போம்.

தனி ஆளுக்குச் செலவு குறைவு என்பது உணவுக்கும் உடைக்கும் பொருந்தலாம், வீட்டுக்குப் பொருந்தாது. மாரிகாலத்தில் ஒருவர் இருக்கும் வீட்டைச் சூடாக்குவதற்கும் நால்வர் இருக்கும் வீட்டைச் சூடாக்குவதற்கும் ஏறத்தாழ ஒரே செலவுதான். நகரசபை தலைகளை எண்ணிச் சொத்துவரி விதிப்பதில்லை. கணவன் மனைவி இருவரும் உழைக்கும் வீட்டில் ஒருவருக்கு வேலை போனால் மற்றவரின் சம்பளம் சில மாதங்களுக்காவது வீட்டைத் தாங்கும். தனித்தவரின் வீட்டைத் தாங்க அந்த இரண்டாவது சம்பளம் இல்லை. வருமானவரிச் சட்டமும் தம்பதியருக்குச் சில சலுகைகளைத் தருகின்றது. முதுமையில் தகுதியுள்ள ஓய்வூதிய வருமானத்தை இருவருக்கிடையே பகிர்ந்து வரியைக் குறைக்கலாம். ஒருவர் இறந்தால் அவரது ஆர்.ஆர்.எஸ்.பி. சேமிப்பை மற்றவரின் கணக்குக்கு உடனடி வரியின்றி மாற்றலாம். தனித்தவருக்கு இவை கிடையா. ஆகவே அவருடைய நிலை மற்றவர்கள் எண்ணுவதைவிட இறுக்கமானது.

வீட்டுக் கடனைப் புதுப்பித்தல்

எம்மவர் மோட்கேஜ் என்று சொல்லும் வீட்டுக் கடன் பெரும்பாலும் 25 ஆண்டுகளில் தீரும்படி கணக்கிடப்படுகின்றது. ஆயினும் வட்டி வீதம் பொதுவாக 5 ஆண்டுகளுக்கே உறுதி செய்யப்படும். கனடிய மத்திய வங்கியின் வட்டி 2022 மார்ச் தொடக்கத்தில் 0.25 வீதமாக இருந்து, 2023 யூலையில் 5 வீதமாக உயர்ந்தது. 2024 யூன் முதல் குறையத் தொடங்கியது. 2021 ஆம் ஆண்டின் மலிவான வட்டியில் ஐந்தாண்டுக் கடன் எடுத்தவர்கள் 2026 ஆம் ஆண்டில் அதனைப் புதுப்பிக்க வேண்டியவர்கள் ஆவர்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். 2 வீத வட்டியில் 300,000 டொலர் கடன் எடுத்தவர் மாதந்தோறும் ஏறத்தாழ 1,270 டொலர் கட்டியிருப்பார். ஐந்தாண்டு முடிவில் அவர் இன்னும் 251,000 டொலர் வரையில் கொடுக்க வேண்டியிருக்கும். எஞ்சிய 20 ஆண்டுகளுக்கு 4 வீத வட்டியில் புதுப்பித்தால் மாதக் கட்டணம் ஏறத்தாழ 1,520 டொலர். 5 வீதமாயின் 1,650 டொலர். சம்பளம் உயராத ஒருவர் ஆண்டுக்கு 3,000 முதல் 4,500 டொலர் வரை மேலதிகமாகத் தேட வேண்டும்.

இதற்கு முன்கூட்டியே ஆயத்தமாவது அவசியம். புதுப்பிக்கும் நாளுக்கு நான்கைந்து மாதங்களுக்கு முன்னரே வேறு வங்கிகளிலும் வட்டியை விசாரியுங்கள். வங்கி அனுப்பும் கடிதத்தில் முதலில் குறித்துள்ள வீதமே முடிவானது என்று எண்ணிக் கையொப்பமிடாதீர்கள். ஒப்பந்த வட்டிக்கு மேலான வீதத்தில் கட்ட முடியுமா என்று பார்க்கும் சோதனை, கடன் தொகையையும் கடன் தீரும் காலத்தையும் கூட்டாமல் மற்றொரு வங்கிக்கு மாறுபவர்களுக்கு 2024 நவம்பரிலிருந்து பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. இதனால் பேரம் பேசும் வலிமை உங்களுக்குக் கூடியுள்ளது.

சற்று வசதி உள்ளவர்கள் மாதக் கட்டணத்தின் பாதியை இரு வாரங்களுக்கு ஒருமுறை கட்டலாம். ஆண்டில் 26 தடவை கட்டும்போது பதின்மூன்று மாதக் கட்டணம் செலுத்தப்பட்டு விடுகின்றது. 5 வீத வட்டியில் இதனால் 25 ஆண்டுக் கடன் மூன்று ஆண்டுகளுக்கு மேல் முன்னதாகவே தீரும். நாற்பதில் கடன் எடுத்தவருக்கு அறுபத்தைந்துக்கும் அறுபத்திரண்டுக்கும் உள்ள வேறுபாடு சிறியதன்று.

சம்பளத்துக்குக் காப்பு

எம்மவர் வீட்டுக்குக் காப்புறுதி செய்வர், காருக்குச் செய்வர், உயிருக்கும் செய்வர். வீட்டையும் காரையும் கட்டிக் காக்கும் சம்பளத்துக்குக் காப்புச் செய்வோர் மிகக் குறைவு. தனித்தவருக்கு மரணத்தைவிட நீண்டகால நோயே பெரிய பணச் சிக்கலாகும். வேலையிழப்புக் காப்புறுதியின் கீழ் நோய்க்காலக் கொடுப்பனவு 2022 டிசம்பர் முதல் 26 வாரங்கள் வரை கிடைக்கின்றது. அதுவும் சட்டம் வகுத்த உச்சவரம்புக்கு உட்பட்டு, சம்பளத்தின் 55 வீதமே. இருபத்தேழாவது வாரத்தில் வீட்டுக் கடனை யார் கட்டுவார்? வேலைத்தலத்தில் நீண்டகால உடல் இயலாமைக் காப்புறுதி உண்டா என்பதை இன்றே கேட்டறியுங்கள். இல்லையெனில் தனிப்பட்ட முறையில் பெறுவதற்கு எவ்வளவு செலவாகும் என்று விசாரியுங்கள்.

வங்கி விற்கும் மோட்கேஜ் ஆயுட்காப்புறுதியின் பணம் வங்கிக்கே போகும் என்பதையும் மறவாதீர்கள். பெற்றோரைப் பராமரிப்பவர் அவர்களின் பெயரைக் குறித்துத் தனியான ஆயுட்காப்புறுதி எடுப்பதே பொருத்தமாகும்.

கையிலே காசாகச் சம்பளம் வாங்கும் வழக்கத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வரி மிச்சம் என்று மகிழ்பவர் இழப்பதை எண்ணுவதில்லை. அந்தச் சம்பளத்துக்கு வேலையிழப்புக் காப்புறுதி இல்லை, கனடா ஓய்வூதியத் திட்டத்தில் தொழில்வழங்குநர் செலுத்த வேண்டிய பங்கு இல்லை, ஆர்.ஆர்.எஸ்.பி.யில் இடும் உரிமையும் இல்லை. கடனைப் புதுப்பிக்கப் புதிய வங்கிக்குச் சென்றால் காட்டுவதற்கு வருமானமும் இல்லை.

இவற்றோடு ஆறு மாத அவசியச் செலவுக்கான பணத்தை உடனே எடுக்கக்கூடிய கணக்கொன்றில் வைத்திருத்தல் வேண்டும். வீட்டை வெப்பமூட்டும் இயந்திரமும் கூரையும் என்றோ ஒருநாள் மாற்றப்பட வேண்டியவை; அச்செலவு பெரும்பாலும் மாரியில்தான் வந்து கதவைத் தட்டும்.

பேஸ்மென்றை வாடகைக்கு விடுவது நல்ல துணைவருமானம். ஆனால் அதனை நகரசபையின் தீப்பாதுகாப்பு விதிகளுக்கு அமையச் செய்து, காப்புறுதி நிறுவனத்துக்கும் அறிவித்து, வருமானவரியிலும் காட்டுங்கள். அறிவிக்காமல் விட்டிருந்தால் தீவிபத்தின்போது காப்புறுதி நிறுவனம் இழப்பீடு தர மறுக்கக்கூடும். குடியிருப்பவர் போய்விட்டால் சில மாதங்கள் வெறுமையாகக் கிடக்கலாம் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

முதுமைக்கு உரியது

வீடு இருக்கின்றதே, அதுவே முதுமைக்குப் போதும் என்போர் உளர். கூரையை விற்றுத்தான் உணவு வாங்கலாம் என்றால் அது போதுமானது ஆகாது. முதியோர் பாதுகாப்புக் கொடுப்பனவு 65 வயதில் தொடங்குவது. 18 வயதின் பின் கனடாவில் 40 ஆண்டுகள் வசித்தவருக்கே பொதுவாக முழுத்தொகை கிடைக்கும். 30 வயதில் வந்தவருக்கு 65 வயதில் நாற்பதில் முப்பத்தைந்து பங்கே உண்டு. கனடா ஓய்வூதியத்தை 60 வயதிலேயே எடுத்தால் 36 வீதம் குறையும். 70 வரை பொறுத்தால் 42 வீதம் கூடும்.

வரியில்லாச் சேமிப்புக் கணக்கு 2009 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. 2025 ஆம் ஆண்டுக்கு அதில் 7,000 டொலர் இடலாம். தொடக்கம் முதல் இங்கு வசிக்கும் வளர்ந்தோருக்கு 2025 வரை மொத்தம் 102,000 டொலர் வரை இடமுண்டு. பின்னர் வந்தவர்களுக்கு அவர்கள் வந்த ஆண்டிலிருந்தே கணக்கு. அளவுக்கு மேல் இட்டால் மாதம் 1 வீதத் தண்டவரி உண்டு. எனவே வருமானவரித் திணைக்களத்தில் உங்கள் அளவை அறிந்தபின் இடுங்கள்.

ஆர்.ஆர்.எஸ்.பி.யில் முன்னைய ஆண்டு உழைப்பு வருமானத்தின் 18 வீதம் வரை, ஆண்டுக்குரிய உச்சவரம்புக்குள், இடலாம். இடும்போது வரி குறையும். எடுக்கும்போது அது வருமானமாகும். குறைந்த வருமானத்துடன் ஓய்வு பெறக்கூடியவர் இதனைக் கவனிக்க வேண்டும். வறிய முதியோருக்கான மேலதிகக் கொடுப்பனவு, ஆர்.ஆர்.எஸ்.பி.யிலிருந்து எடுக்கும் பணத்தால் குறையும். வரியில்லாக் கணக்கிலிருந்து எடுக்கும் பணத்தால் குறையாது. ஆகவே தொழிற்சாலைச் சம்பளக்காரர் பலருக்கு வரியில்லாக் கணக்கை முதலில் நிரப்புவதே மேல்.

உறவும் கையொப்பமும்

தனித்தவரை நோக்கியே உறவினரின் கைகள் நீளுகின்றன. மருமகனின் கார்க் கடனுக்குக் கையொப்பம், சீட்டுக்குப் பொறுப்பு, ஊரிலே கோவில் திருப்பணி, ஒன்றுவிட்ட சகோதரியின் வீட்டுக் கூரை எனக் கேள்விகள் ஓய்வதில்லை. கொடுப்பது எம் பண்பு. அதனை நாம் குறைகூறவில்லை. ஆனால் தனக்கு மிஞ்சித்தான் தானம் என்று எம் முன்னோர் சொன்னதும் அனுபவத்தினாலேயே.

காசாகக் கொடுத்த உதவி அன்றோடு முடியும். கையொப்பமாகக் கொடுத்தது முடியாது. பிணை நின்ற கடன் உங்கள் பெயரிலேயே பதிவாகும். மற்றவர் கட்டத் தவறினால் வங்கி உங்களைத் தேடி வரும். பெற்றோரை அழைக்கும் பொறுப்பும் கியூபெக் தவிர்ந்த மாகாணங்களில் 20 ஆண்டுகளுக்கு உரியது. 42 வயதில் கையொப்பமிடுபவர் 62 வயது வரை கட்டுப்பட்டவர். அக்காலத்தில் பெற்றோர் சமூக உதவிப்பணம் பெற்றால் அதனைத் திருப்பிக் கொடுக்கவும் கடமைப்பட்டவர். பெற்றோரை அழைக்கவேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அந்தக் கையொப்பத்தைத் தனி ஒருவரின் தலையில் வைத்துவிட்டு மற்றப் பிள்ளைகள் ஒதுங்கலாகாது என்கின்றோம். மாதந்தோறும் யார் எவ்வளவு தருவது என்பதை முன்னரே பேசி எழுதிக்கொள்ளுங்கள்.

எழுதி வைக்க வேண்டியவை

ஒன்ராறியோவில் துணையும் பிள்ளைகளும் இல்லாத ஒருவர் மரணசாசனம் எழுதாமல் இறந்தால் அவர் சொத்து பெற்றோருக்குச் சேரும். பெற்றோர் இல்லையேல் உடன்பிறந்தோருக்கு. பெற்ற பிள்ளைபோல் வளர்த்த பெறாமகளுக்கோ, நோயிலே அருகிருந்து பார்த்த நண்பிக்கோ சட்டம் பொதுவாகத் தானாக எதையும் எடுத்துக் கொடுக்காது. விருப்பம் எதுவாயினும் அதனை எழுத்தில் வைப்பது அவசியம்.

மரணசாசனத்தைவிட அவசரமானவை இரண்டு அற்றோர்ணித் தத்துவங்கள். ஒன்று சொத்துக்கு, மற்றையது உடல்நலப் பராமரிப்புக்கு. நினைவிழந்து வைத்தியசாலையில் கிடக்கும் ஒருவரின் வங்கிக் கணக்கிலிருந்து, உடன்பிறந்தவர் என்பதற்காக எவரும் பணம் எடுத்து வீட்டுக் கடனைக் கட்ட முடியாது. இவற்றுக்கான படிவங்களை மாகாண அரசு இலவசமாகவே தருகின்றது. வீடு உள்ளவர்கள் ஒரு சட்டத்தரணியிடம் காட்டிச் செய்வது நன்று. ஊரிலே காணி இருப்பின் அங்குள்ள நொத்தாரிசின் ஆலோசனையும் வேண்டும்.

"உறுதியில் தம்பியின் பெயரையும் போட்டுவிட்டால் எல்லாம் சரி" என்று சிலர் கூறுவர். அவசரப்பட வேண்டாம். பெயரைச் சேர்த்தபின் தம்பியின் கடன்காரர் அந்த வீட்டின்மீது உரிமை கோர நேரலாம். அவருடைய கையொப்பம் இன்றி நீங்கள் விற்கவும் முடியாது.

இவ்வாரம் செய்யக்கூடியவை மூன்று. வீட்டுக் கடன் புதுப்பிக்கும் திகதியைத் தேடி நாட்காட்டியில் குறியுங்கள். வேலைத்தலத்தின் காப்புறுதிக் கையேட்டை எடுத்து, நோயுற்றால் எத்தனை மாதங்களுக்குச் சம்பளம் கிடைக்கும் என்று பாருங்கள். உங்களுக்காகக் கையொப்பமிடத் தகுந்தவர் யார் என்று முடிவுசெய்து அவருடன் பேசுங்கள்.

குடும்பமாக வாழும் வாசகர்களுக்கும் ஒன்று சொல்வோம். உங்கள் குடும்பத்தின் அந்த அண்ணனிடமோ அக்காவிடமோ அடுத்த முறை எதையாவது கேட்கப் போகுமுன், அவருடைய வீட்டுக் கடன் இன்னும் எத்தனை ஆண்டுகளுக்கு இருக்கின்றது என்று ஒருதரம் கேட்டுப் பாருங்கள். இத்தனை காலமும் எவரும் அவரிடம் அதனைக் கேட்டிருக்க மாட்டார்கள்.