அம்மா வீட்டு ரூட்டர்

சிங்கப்பூரில் தேக்காவை ஒட்டிய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் பெரியவர்களைப் பார்க்கப் போனால், தொலைக்காட்சிக்குப் பின்னால் பழைய ரூட்டர் ஒன்று தூசியோடு மினுக்கிக்கொண்டிருக்கும். பல வீடுகளில் பயனர்பெயரும் ‘அட்மின்’, கடவுச்சொல்லும் ‘அட்மின்’. கதவிலேயே சாவியைத் தொங்கவிட்டு ஊருக்குப் போவதுபோல. 2021 ஏப்ரல் முதல், இங்கே விற்பனைக்கு வரும் வீட்டு வைஃபை ரூட்டர் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கடவுச்சொல் வேண்டும், மென்பொருள் தானாகப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும் என்று தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையம் விதித்தது. மிகச் சரியான விதி. ஆனால் அதற்கு முன்பே வாங்கிய பெட்டியை அது தேடி வராது. ஞாயிற்றுக்கிழமை அம்மா கையால் சாப்பிடப் போகும் பிள்ளைகள்தாம் போக வேண்டும். பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் முகவரியை (பெரும்பாலும் 192.168.1.1) கைப்பேசி உலாவியில் தட்டி, கடவுச்சொல்லை மாற்றி, அப்பாவின் நாட்குறிப்பில் எழுதிவைத்துவிட்டு வாருங்கள்.